நோயாளியாக ரமண மகரிஷி



நம்ம கல்லூரியில் படித்தவர் யாரும் ரமணாசிரமத்தைப் பார்க்காமல் திருவண்ணாமலையை விட்டுப் போயிருக்க முடியாது. பரீட்சை பயத்தில் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. மயில் பார்க்கப் போனவர்கள் உண்டு. கிரிவலத்தின் நடுவே செங்கம் ரோட்டில் கால் வலிக்க, உள்ளே போய்த் தண்ணீர் குடித்து வந்தவர்களும் உண்டு. அங்கே சமாதிக்கு அருகில் ஒரு சின்ன அறை இருக்கிறது. ரமணர் தம் கடைசி நாட்களைக் கழித்த அறை அது. பலரும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த அறையில் இருந்தவர் ஒரு புற்றுநோயாளி என்பது அந்த நேரத்தில் நம் நினைவுக்கு வருவதில்லை.

நம்ம பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் புற்றுநோய் நுழைந்துவிட்டால் இரண்டு பேச்சு கட்டாயம் காதில் விழும். ரமண மகரிஷிக்கே வந்தது, நமக்கு வராதா என்பது ஒன்று. அவரே ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நமக்கு எதற்கு என்பது இன்னொன்று. முதல் பேச்சு ஆறுதல், அதில் தப்பில்லை. இரண்டாவது பேச்சு உண்மையில்லை. அவர் நான்கு முறை அறுவைக்குக் கையை நீட்டினார். ரேடியம் வைத்தபோதும் தடுக்கவில்லை. அவர் வேண்டாம் என்று நிறுத்தியது ஒன்றே ஒன்றைத்தான். அது எது, ஏன் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டால் நம் வீடுகளில் நடக்கும் சில விபரீதங்களைத் தவிர்க்கலாம் என்பதால்தான் இந்த மலருக்கு இந்த வாழ்க்கைக் கதையை எடுத்துக்கொண்டேன்.

திருச்சுழியிலிருந்து திருவண்ணாமலைக்கு

1879 டிசம்பர் 30ஆம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரமய்யர், அந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். அம்மா அழகம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர் வேங்கடராமன். 1892இல் அப்பா இறந்துபோக, மதுரையில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் சுமார், விளையாட்டில் கெட்டிக்காரர், தூக்கத்தில் கும்பகர்ணன். அதாவது நம்மில் பலரைப் போலத்தான்!

1896 ஜூலையில், பதினாறு வயதில், வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது திடீரென்று சாவு பயம் வந்தது. உடம்புக்கு எதுவும் இல்லை. டாக்டரைக் கூப்பிடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. செத்துப்போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவோம் என்று பிணம் போலக் கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்துக்கொண்டார். இந்த உடம்பு போனால் நானும் போய்விடுவேனா என்று உள்ளே கேட்டுப் பார்த்தார். உடம்பு வேறு, தான் வேறு என்று அவருக்குத் தெளிவானது. அவர் வாழ்க்கை முழுவதும் அந்தச் சில நிமிடங்களின் மேல் நிற்கிறது. ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அதே பாடத்தில் அவருக்கு இன்னொரு பரீட்சை வந்தது. முதல் பரீட்சை சில நிமிடம், இரண்டாவது ஒன்றரை வருஷம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் போனார். பாதி ரயில், பாதி நடை, வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்துச் சாப்பாடு என்று செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை இந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை. பின்னால் டாக்டர்களும் ரேடியமும் ஊர் தேடி வரவேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கவனிக்கப்பட்டவர், கவனித்தவர்

பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலும் அதன் கீழே இருக்கும் பாதாள லிங்கத்திலும் இருந்த ஆரம்ப நாட்களில் உடம்பை அவர் கவனிக்கவே இல்லை. இருட்டில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. மற்றவர்கள் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். சேஷாத்ரி சுவாமிகள் காவலாக இருந்தார். யாரோ சோறு ஊட்டினார்கள். பிறகு குருமூர்த்தம், பவழக்குன்று என்று இடம் மாறி, 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை, 1922 வரை ஸ்கந்தாசிரமம்.

இங்கே ஒரு விஷயத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. ரமணர் பிறருடைய நோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் நிறைய நேரம் உட்கார்ந்தவர். 1914இல் அம்மா அழகம்மாள் பார்க்க வந்த இடத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தபோது, மகன்தான் கூட இருந்து பணிவிடை செய்தார். 1916இல் அம்மா நிரந்தரமாக வந்து சேர்ந்தார். 1922 மே 19ஆம் தேதி அவருடைய கடைசி நாள். காலையிலிருந்து இரவு வரை, ஒரு கை அம்மாவின் நெஞ்சின் மேல், ஒரு கை தலை மேல் என்று பக்கத்திலேயே இருந்தார். அம்மாவை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். மகன் தினமும் அங்கே இறங்கி வந்து, அந்த வருஷக் கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். இன்றைக்கு நாம் பார்க்கும் ஆசிரமம் அப்படி ஒரு தாயின் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். 1948 ஜூன் 18ஆம் தேதி ஆசிரமத்துப் பசு லட்சுமி சாகும்போதும் அதே மாதிரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

ஆசிரமத்தில் அவருக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. விடியும் முன் எழுந்து சமையல் கட்டில் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். பந்தியில் எல்லோருக்கும் என்ன போடுகிறார்களோ அதுதான் அவருக்கும். ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால்கூடக் கோபம் வரும். 1924 ஜூன் 26ஆம் தேதி இரவு திருடர்கள் புகுந்து அவருடைய இடது தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கப் போனவர்களை அவர் தடுத்துவிட்டார். 1934இல் பால் பிரண்டனின் புத்தகம் வெளிவந்த பிறகு வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1938இல் எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்து பார்த்தார். எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் அவர் இருந்தது ஒரு கௌபீனமும் துண்டுமாகத்தான். வயதானபோது மூட்டு வாதம் வந்தது, கைத்தடி ஊன்றி நடந்தார்.

முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி

1948 முடிந்து 1949 பிறக்கும் சமயம். இடது முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. பெரிதாக வலி இல்லை. சாதாரணக் கட்டி என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1949 பிப்ரவரி 9ஆம் தேதி ஆசிரமத்துக்குள்ளேயே அதை அறுத்து எடுத்தார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. முன்னைவிடப் பெரியது, வலியும் கூட. மார்ச் 17ஆம் தேதி, அம்மாவின் சமாதி மேல் எழுப்பிய மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பல வருஷமாகக் கட்டிய கோயில், ஆயிரக்கணக்கில் ஜனம். அந்தக் கூட்டத்தின் நடுவே அவர் இந்தக் கையோடுதான் உட்கார்ந்திருந்தார். அது முடிந்த பத்தாவது நாள், மார்ச் 27ஆம் தேதி, சென்னையிலிருந்து வந்த டாக்டர் ராகவாச்சாரி இரண்டாவது அறுவை செய்தார். இது சார்க்கோமா என்ற புற்று என்பது உறுதியானது. தொடர்ந்து ரேடியம் வைத்தார்கள்.

சார்க்கோமா என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் அதிகம் கேள்விப்படும் வாய்ப்புற்று, கர்ப்பப்பை வாய்ப்புற்று, மார்பகப் புற்று எல்லாம் தோல், உள்சவ்வு, சுரப்பி ஆகியவற்றில் தொடங்குபவை. சார்க்கோமா தசை, கொழுப்பு, நரம்பு உறை, எலும்பு போன்ற தாங்கு திசுக்களில் தொடங்குகிறது. அபூர்வமானது, பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசு சார்க்கோமா நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் ஏமாற்றும். ரத்தத்தின் வழியாகப் பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவும்.

இன்னொரு குணமும் உண்டு. இந்தக் கட்டியைச் சுற்றி ஓர் உறை போலத் தெரியும். அறுப்பவருக்கு ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பது போல அழகாகப் பிரிந்து வந்ததாகத் தோன்றும். ஆனால் அது உண்மையான உறை இல்லை. புற்றின் விழுதுகள் அதைத் தாண்டிப் போயிருக்கும். எங்கள் தொழிலில் இதற்குச் சரியான உதாரணம் இருக்கிறது. பாய்லர் குழாயில் வெல்டிங் பக்கத்தில் விரிசல் கண்டால், கண்ணுக்குத் தெரிகிற கோட்டை மட்டும் கிரைண்டரால் தேய்த்துவிட்டு மேலே வெல்டிங் போடக் கூடாது. விரிசலின் இரண்டு முனையையும் கண்டுபிடித்து, அதற்கு மேலும் நல்ல இரும்பு வரை தேய்த்து, மறுபடி சோதித்த பிறகுதான் மூட வேண்டும். இல்லையென்றால் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக, திரும்ப வரும். ரமணரின் கையிலும் அதுவே நடந்தது. அறுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. சாதாரணக் கட்டி போலத் தெரிந்ததை அந்தக் காலத்து வசதியை வைத்துக்கொண்டு அப்படித்தான் எடுத்திருக்க முடியும்.

கையை எடுப்பதா?

இரண்டாவது அறுவைக்குப் பிறகு புண் சரியாக ஆறவில்லை. கட்டி மறுபடி, இன்னும் மேலே தலைகாட்டியது. டாக்டர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: கட்டிக்கு மேலே கையை எடுத்துவிடுவது. 1949இல் கை கால்களில் வரும் சார்க்கோமாவுக்கு மருத்துவம் அறிந்திருந்த பலமான வழி அதுதான். அப்படிச் செய்தாலும் பிழைப்பார் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

ரமணர் இதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. உடம்பே ஒரு நோய்தான், அது இயற்கையாக முடியட்டும், அதை ஏன் வெட்டிக் குறைக்க வேண்டும், புண்ணுக்குக் கட்டுப் போட்டால் போதும் என்பது அவர் கருத்தின் சாரம்.

மற்றதில் எல்லாம் எப்படி இருந்தார்? தனக்காக இந்த மருந்து வேண்டும், அந்த வைத்தியம் வேண்டும் என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டால், வைத்தியமே தேவையில்லை என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் சுற்றியிருந்தவர்கள் தவித்த தவிப்பைப் பார்த்து, அவர்கள் கொண்டுவந்ததை எல்லாம் ஏற்றுக்கொண்டார். பச்சிலைக் கட்டு, ஹோமியோபதி, ஆயுர்வேதம், ஆங்கில மருத்துவம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தன. அலோபதி டாக்டர்கள் குணப்படுத்த முடியும் என்று பொய் சொல்லவில்லை. அறுத்து எடுக்கலாம், ரேடியம் வைக்கலாம், ஆனாலும் திரும்ப வரலாம், வந்தால் உயிருக்கு ஆபத்து என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மற்ற முறைக்காரர்கள் எங்களிடம் விட்டிருந்தால் என்றார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் நடக்கிற அதே இழுபறிதான்.

1949 ஆகஸ்ட் 7ஆம் தேதி மூன்றாவது அறுவை. டிசம்பர் 19ஆம் தேதி நான்காவது. அதற்குப் பிறகு கட்டி தோள்பட்டைப் பக்கமாக ஏறியது. இனி அறுத்துப் பயனில்லை என்ற நிலை.

கடைசி மாதங்கள்

புண்ணிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ரத்தசோகை, பலவீனம். வலி இல்லாமல் இல்லை. எவ்வளவு கடுமையான வலி அது என்று கூட இருந்த டாக்டர்களுக்குத் தெரியும். அவர் வலியை மறைத்து வீரம் காட்டவும் இல்லை, அதைச் சொல்லிப் பரிதாபம் தேடவும் இல்லை. மழை பெய்கிறது என்பதைப் போல அதையும் ஒரு செய்தியாக வைத்திருந்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பார்க்க வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது. அறுவை நடந்த நாட்களில்கூட ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசி வாரங்களில் எழுந்து நடக்க முடியாமல் அந்தச் சின்ன அறையில் படுத்தபோதும், காலையும் மாலையும் அறை வாசல் வழியாக வரிசை நகர்ந்தது. தொற்று, ஓய்வு என்றெல்லாம் யோசித்தால் இன்றைய ஆஸ்பத்திரி இதற்கு அனுமதிக்காது. ஆனால் நோயாளி தனக்கு எது முக்கியம் என்று சொன்னார், சுற்றியிருந்தவர்கள் அதற்கு இடம் கொடுத்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஒரு டாக்டர் பிராணவாயு கொடுக்க முயன்றபோது வலது கையை அசைத்து வேண்டாம் என்று காட்டினார். தன்னை நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். வெளியே அன்பர்கள் அவர் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இரவு 8.47க்கு மூச்சு நின்றது. அந்த நேரத்தில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் மலைப் பக்கமாகப் போனதைப் பலர் பார்த்ததாகச் சொன்னார்கள். பார்த்தவர்களில் ஒருவர், அப்போது இங்கே படம் எடுக்க வந்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். அப்போது ரமணருக்கு வயது எழுபது.

அவர் மறுத்தது எது?

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன பேச்சுக்கு வருவோம். ஆபரேஷன் வேண்டாம் என்றாரா? இல்லவே இல்லை. உடம்பு நானில்லை என்று பதினாறு வயதிலேயே தெளிந்த மனிதர், மற்றவர்களின் மனசுக்காக அந்த உடம்பை நான்கு முறை கத்திக்குக் கொடுத்திருக்கிறார். கையை எடுப்பதை மறுத்தார். கடைசி மணி நேரத்தில் பிராணவாயுவை மறுத்தார். இரண்டுமே, அதனால் பிழைப்பார் என்று யாரும் சொல்ல முடியாத கட்டத்தில் எடுத்த முடிவுகள்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்ன நோய், எந்தக் கட்டம், டாக்டர் என்ன நினைக்கிறார் என்று எதையும் அவரிடம் மறைத்து வைக்கவில்லை. அதனால்தான் அவரால் இது சரி, இது வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ரிப்போர்ட்டை அப்பாவின் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அம்மாவிடம் சும்மா கட்டிதான் என்று சொல்கிறோம். டாக்டரை ஜாடை காட்டி வெளியே கூப்பிடுகிறோம். பாசத்தில்தான் செய்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் நோயாளிக்கு எப்படியும் தெரிந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் நடிப்புதான். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், எழுத நினைத்ததை எழுதாமல் மனிதர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். ரமணரை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் அந்தச் சின்ன அறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு என்றால்?

1949இல் தென்னாட்டில் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி இல்லை. பம்பாயில் டாடா மெமோரியல் 1941இல் தொடங்கியிருந்தது. கல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை 1950 ஜனவரியில்தான் திறந்தது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது 1954இல், பன்னிரண்டு படுக்கைகளோடு. தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ணால் பார்த்த அம்மையார் அவர். கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் உலகத்திலேயே முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது 1951இல், கனடாவில். ரமணர் மறைந்து ஒன்றரை வருஷம் கழித்து!

கையை எடுத்தே ஆகவேண்டுமா என்ற கேள்விக்கு விஞ்ஞானத்தின் பதில் 1982இல் வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 43 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 16 பேருக்குக் கை அல்லது கால் எடுக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் நான்கு பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. ஆனால் உயிர் பிழைத்ததில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு மருத்துவத்தின் பாதை மாறியது. இன்றைக்குக் கை கால் சார்க்கோமாவில் பெரும்பாலோர் உறுப்பை இழப்பதில்லை. ரமணருக்குக் கட்டி பலமுறை திரும்பி வந்த நிலை என்பதால், அவர் விஷயத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நாம் ஜோசியம் சொல்ல வேண்டாம். ஆனால் முதல் தடவையே இன்றைய முறையில் பார்த்திருந்தால் வாய்ப்பு நிச்சயம் அதிகம்.

இன்றைய முறை என்னவென்றால், கத்திக்கு முன்னால் சோதனை. எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். தடித்த ஊசியால் ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பயாப்ஸி செய்வார்கள். நுரையீரலுக்கு ஸ்கேன். அதற்குப் பிறகுதான் சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து ஒரே மூச்சில் எடுப்பது, தேவைப்பட்டால் கதிர்வீச்சு. நம்ம ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது என்பார்களே, அதுதான். அது கரண்ட் ஷாக் இல்லை; நாங்கள் வெல்டிங் தரம் பார்க்க எக்ஸ்ரே எடுக்கும் அதே கதிர் குடும்பம். பயந்து ஓட வேண்டியதில்லை. பலன் எப்படி? அமெரிக்கக் கணக்குப்படி, மென்திசு சார்க்கோமா பரவாமல் ஒரே இடத்தில் இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து பேரில் நான்கு பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். தூரத்து உறுப்புக்குப் பரவிய பிறகு வந்தால் ஆறு பேரில் ஒருவர்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நாம் தள்ளிப்போட்ட மாதங்கள்.

தம்பி தங்கைகளுக்கு

நீங்கள் படித்து வேலைக்குப் போன பிறகு, சொந்தக்காரர் வீட்டில் யாருக்காவது கட்டி என்றால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். படித்த பிள்ளை என்ற ஒரே தகுதி போதும்! அப்போது நினைவில் வைக்க நாலு விஷயம்.

முதலாவது, வலி இல்லை என்பதால் கட்டியை விட்டுவைக்கக் கூடாது. ஐந்து சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, ஆழத்தில் இருந்தாலோ, எடுத்த இடத்தில் திரும்ப வந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரி. பெரும்பாலான கட்டிகள் சாதாரணக் கொழுப்புக் கட்டிகள்தான். அதைச் சோதனை சொல்லட்டும்.

இரண்டாவது, இப்படிப்பட்ட கட்டியைப் பயாப்ஸி பார்க்காமல் அரை மணி நேர வேலை என்று அறுத்துவிடச் சம்மதிக்காதீர்கள். எடுத்த எந்தக் கட்டியையும் குப்பைக்குப் போட விடாதீர்கள். லேபுக்கு அனுப்பச் சொல்லி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, இடம் தெரியவில்லை என்று திகைக்க வேண்டாம். நம்ம ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே காட்டி வழி கேட்கலாம். புற்றுநோய்க்கென்று காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா நினைவு மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், சென்னையில் அடையாறு நிலையம், வேலூரில் சி.எம்.சி. என்று எல்லாமே பஸ் தூரம்தான். ரமணருக்கு டாக்டர்கள் சென்னையிலிருந்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இடம் உண்டு. அட்டை இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

நான்காவது, நோயாளியிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒரே நாளில் கொட்ட வேண்டாம். அவர் கேட்கக் கேட்க, தாங்கும் அளவுக்கு. சிகிச்சை எதற்கு, குணமாவதற்கா, வலி குறைவதற்கா என்று டாக்டரிடம் அவர் முன்னாலேயே கேளுங்கள். குணமாகாது என்ற நிலை வந்தாலும் வைத்தியம் முடிந்துவிடவில்லை. வலி நீக்கும் மருந்து, புண்ணுக்குச் சுத்தமான கட்டு, மூச்சுத் திணறலுக்கு ஆறுதல் என்று செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இனி ஆசிரமத்துக்குப் போகும்போது அந்தச் சின்ன அறையின் முன்னால் ஒரு நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள். அவர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னாராமே என்று பக்கத்தில் யாராவது சொன்னால், இல்லீங்க, நாலு முறை செய்துகொண்டார் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒருவர் நாளைக்கே கட்டியைக் காட்ட பஸ் ஏறினால், அதைவிட இந்த மலர் வேறு என்ன சாதிக்க வேண்டும்?